பிளான் தாளைத் தேய்த்துக் கொடுத்த அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளத்தில் நனைந்த எங்கள் ரிமோட் மாடல் விமானம், அந்தக் கடெட், பறந்துவிட்டது. வீடியோ இதற்குள் உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். அதில் விமானத்தைவிடப் பசங்களின் கூச்சல்தான் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறப்போட்டால் ‘அனைவருக்கும் நன்றி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன் என்பதால் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் தாமிரபரணி நம் வீடுகளுக்குள் வந்ததைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கொரு கதை இருக்கிறது, பலருடையது என்னுடையதைவிடப் பெரியது. நேரே பிளான் தாளுக்கு வந்துவிடுகிறேன்.

பாகங்களாக வரும் கிட் வாங்கி மாடல் விமானம் கட்டிப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவின் சிக் நிறுவனம் போட்ட கடெட் எல்டி-40 பெட்டியைத் திறந்தால் பால்சா என்ற லேசான மரக் குச்சிகள், லேசரில் வெட்டிய பலகைத் துண்டுகள், அப்புறம் பெரிய மடிப்பாக பிளான் தாள். படம் நிஜ அளவில் இருக்கும். அதை மேசையில் விரித்து, மேலே மெல்லிய பாலிதீன் போட்டு, இறக்கையின் குறுக்குச் சட்டமான ஒவ்வொரு ரிப்பையும் படத்தில் உள்ள கோட்டின் மேலேயே நிறுத்தி, குண்டூசி குத்தி ஒட்டுவோம். முனைக்கு முனை 70 அங்குல இறக்கை அப்படித்தான் உருவாகிறது. தாள் நனைந்தால் உப்பும், காயும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். கோடு நகர்ந்தால் ரிப் நகரும். இறக்கையில் கொஞ்சம் முறுக்கு விழுந்தாலும் விமானம் மேலே போய் ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டிருக்கும். மரம் போனால் வேறு மரம் வாங்கி வெட்டலாம். வெட்டுவதற்கு அளவு வேண்டுமே!

மொட்டை மாடியில் நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, வெள்ளத்தில் நனைந்த பிளான் தாளைக் காயப்போடப் போனபோது, கீழே தெருவிலிருந்து ஒரு குரல்: “வெயில்ல போடாதிய சார், சுருட்டிக்கிடும்.”

எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கும் அண்ணாச்சி. அன்றைக்கு அவர் நிலைமை என்ன என்று தெருவுக்கே தெரியும். வண்டி சேற்றில் கிடந்தது. தேய்க்கக் கொடுத்தவர்களின் துணியை எல்லாம் தன் துணிபோல அவரே அலசிக்கொண்டிருந்தார். அந்த வேலையை நிறுத்திவிட்டு மேலே வந்தார். தாளைத் தொட்டுப் பார்த்தார், ஒரு ஓரத்தை விரலால் நீவினார், “கரண்டு வரும்னு காத்திருக்காண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கரிப்பெட்டியை எடுக்கப் போய்விட்டார்.

சிரட்டைக் கரி எங்கிருந்து காய்ந்ததாகக் கிடைத்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அடியில் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டார். அதன்மேல் தாள், தாளின்மேல் இன்னொரு மெல்லிய வேட்டி. பெட்டியின் அடியில் தண்ணீர் தெளித்து, சத்தத்தைக் கேட்டுச் சூடு பார்த்தார். அப்புறம் செய்ததுதான் எனக்குத் தோன்றவே தோன்றியிராது. அவர் தேய்க்கவில்லை. பெட்டியை நகர்த்தாமல் வைத்தார், எடுத்தார், பக்கத்தில் வைத்தார், எடுத்தார். ஈரத் தாளில் இழுத்துத் தேய்த்தால் தாளும் கூடவே வரும் என்றார். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வந்தார். மேல் வேட்டி ஈரம் குடித்ததும் மாற்றினார். மடிப்பு கிழியப் பார்த்த இடத்தில் கரிப்பெட்டியை ஒதுக்கிவிட்டு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் டேப்பை எடுத்து அளந்தேன். ஒரு பக்க இறக்கையின் முழு நீளத்துக்கும் அரை நூல்தான், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான், கூடியிருந்தது. அரை நூல்! புதுத் தாளே மழைக்காலத்தில் அவ்வளவு உப்பும்.

காசு வேண்டாம் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “ரெண்டு பட்டுச்சேலை தேய்க்கிற காசு கொடுங்க” என்றார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பரிதாபப்பட்டுச் செய்ததல்ல, தொழிலாகச் செய்தது என்ற கணக்கு அதில் இருந்தது. அந்த வாரம் ஊரில் எல்லோரும் எல்லோரையும் பரிதாபமாகவே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் என்னிடம் கூலி கேட்டதில் மனசு கொஞ்சம் நேரானது.

விமானத்தின் மேலே சூடு வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம் வேலைக்கும் அவரையே கூப்பிட்டேன். அதை முதலில் குறைந்த சூட்டில் ஓரம் முழுக்க ஒட்டவைத்து, பிறகு சூட்டைக் கூட்டி நடுப்பகுதியைச் சுருங்கவைக்க வேண்டும். வால் பகுதியை அவர் கையில் கொடுத்தேன். ஒரு துண்டு ஃபிலிமில் சோதித்துப் பார்த்துவிட்டு, “துணிக்கு ஈரம் வேணும், இதுக்கு வேண்டாம், அம்புட்டுதான?” என்றார். வாலில் ஒரு சுருக்கம் கிடையாது. இறக்கை நான் செய்தது. கிட்டப்போய்ப் பார்க்காதீர்கள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். உடனடிப் பசையைக் குளிரில் வைத்தால் நாள் தாங்கும் என்றதும், இன்சுலின் பக்கத்திலேயே அதற்கு இடம் கொடுத்த மெடிக்கல் ஷாப் அக்கா; சேறு புகுந்த, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரையும் விமானத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்களான சர்வோக்களையும் பிரித்துத் துடைத்து, “இதுல ரெண்டை நம்பாதீங்க சார்” என்று ஒளிக்காமல் சொன்ன மொபைல் கடைத் தம்பி; நனைந்த லிப்போ பேட்டரியைப் பார்த்ததும் “அதைக் கையால் தொடாதே” என்று போனிலேயே கத்தி, மறுவாரம் நாலு செல் பேட்டரி ஒன்றை அனுப்பிவைத்த கல்லூரி நண்பன்; வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து தள்ளி, பறக்கவிடலாம் என்று வான்வெளி வரைபடத்தில் பச்சையாக இருக்கிற இடம் தேடிச் செம்மணல் தேரி ஓரம்வரை பைக்கில் சுற்றிய பழைய மாணவர்கள்; மதுரையிலிருந்து விடிகாலையில் வந்து, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிச் சமநிலை பார்த்து, “மூக்கு இன்னும் கொஞ்சம் கனக்கணும்” என்று பேட்டரியை முன்னால் தள்ளவைத்து, முதல் ஓட்டத்தை ஓட்டிக்கொடுத்த அண்ணன். எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாளே வந்து, வீட்டைப் பற்றி விசாரிக்காமல் முதலில் கிட் பெட்டியைத் தேடிய என் வகுப்புப் பசங்களை வீட்டில் அன்றைக்குத் திட்டினேன், இங்கே பாராட்டுகிறேன்.

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தப் பசங்களுக்குக் கண் தரையில் இல்லை. அடுத்த கிட் எது என்று இப்போதே கேட்கிறார்கள். எதுவானாலும், அதன் பிளான் தாளை விரிக்கும் முன் அவர்கள் தெருமுனைக்குப் போய், ஒரு மாலை முழுக்க அண்ணாச்சி பக்கத்தில் நின்று கரிப்பெட்டி பிடித்துவிட்டுத்தான் வர வேண்டும். அவரிடம் பேசிவிட்டேன். சரி என்றார், கரி அவர்கள் செலவாம்.

ஒரு கடன் பாக்கி இருக்கிறது. விமானம் கட்ட வளையாத பலகை வேண்டும் என்றபோது தச்சர் அண்ணாச்சி ஒரு வீட்டுக்குப் பேசிவைத்திருந்த ஃபிளஷ் கதவையே கொடுத்து, “நெலை வேலை முடிய எப்படியும் நாளாவும், வச்சிக்கிடுங்க” என்றார். அதில் எபாக்ஸி பசை சிந்தியிருக்கிறது, குண்டூசி ஓட்டைகளும் உண்டு. உப்புத்தாள் போட்டு, மக்கு அடைத்து, இந்த ஞாயிறு சாயங்காலத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கிறேன், அண்ணாச்சி.