மேல்மாடிப் போக்கர் அறைக்கு அனுமதி உண்டா? எழுத்தில் சொல்லுங்கள்

மட்டக்களப்பில் வியாபார அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும் பொலிஸ் பொறுப்பதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எந்தக் கட்டடம் என்று உங்களுக்குத் தெரியும். கீழே சாப்பாட்டுக்கடை, மேலே ‘கிளப்’. போன கிழமை அதற்கு எதிரே வேப்பமரத்தடியில் காசு வைத்து 304 சீட்டு ஆடிய நாலு கூலித் தொழிலாளிகளை ஜீப்பில் ஏற்றிப்போனார்கள். அவர்கள் செய்தது பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே நேரம் மேல்மாடியில் லைட் எரிந்தது, போக்கர் சீட்டாட்டம் நடந்தது. ஒருவரும் படியேறிப் பார்க்கவில்லை.

என் தம்பி ஓட்டோ ஓடியவன். முதலில் பொழுதுபோக்கு என்றுதான் அங்கே போனான். அப்புறம் விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று போனான். ஆவணியில் லீசிங்காரர் ஓட்டோவை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் மகளுக்கு 31ஆம் நாள் நான் போட்ட சின்னக் காப்பு ஒரு சோடி இருந்தது. மச்சாள் அதைத் துணியில் முடிந்து அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் உலை வைத்துவிட்டு வாளிக்குள் கையை விட்டால் முடிச்சு அவிழ்ந்த துணிதான் கையில் வந்தது. அடகுச் சீட்டு அவன் சேர்ட் பையில் இருந்தது. அவள் அழவில்லை. அரிசியை அளந்து போட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

நான் அனுமதி கொடுக்கும் இடத்துக்குப் போனேன். “நாங்கள் கொடுத்தது சாப்பாட்டுக்கடைக்கு, மேல்மாடியைப் பொலிஸ்தான் பார்க்க வேண்டும்” என்றார்கள். பொலிஸுக்குப் போனேன். “அது கிளப் அக்கா, அனுமதி இருக்கும்தானே” என்றார்கள். இருக்கும் என்றால் என்ன? இருக்கிறதா, இல்லையா?

1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டமே பொதுமக்கள் போய்வரும் இடத்தில் பந்தயம் வைத்து ஆடுவதைச் சட்டவிரோதம் என்றது. போக்கர் மூளை விளையாட்டு என்று அந்த அறைக்காரர் சொல்கிறார். சரி, மூளை விளையாட்டாகவே இருக்கட்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் மேசைக் காசில் ஒரு பங்கை அவர் எடுக்கிறாரே, அது எந்த மூளைக்கு? பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி இந்த அறைக்கு அனுமதி உண்டா என்பதையாவது சொல்லுங்கள்.

கொழும்புக் கசினோவுக்குள் இலங்கையர் நுழைய 50 டொலராக இருந்த கட்டணத்தை அதே வருடம் 100 டொலராக்கினார்கள். எங்கள் ஊரில் படியேற ஒரு சதமும் வேண்டாம். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட நாங்கள் எத்தனை கையெழுத்துக்கு அலைகிறோம்! வீதியோரம் இடியப்பம் விற்கிற அம்மாவிடம் அனுமதி கேட்கத் தெரிந்த உங்களுக்கு, விடியும்வரை திறந்திருக்கும் அறையிடம் கேட்கத் தெரியவில்லையா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரையும் மறியலுக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த அறைக்கு அனுமதி இருந்தால் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று காட்டுங்கள். இல்லையென்றால் பூட்டுங்கள். இரண்டில் எது என்றாலும் தமிழில், எழுத்தில், கையெழுத்தோடு தாருங்கள்.

காப்பின் அடகுத் தவணை தையில் முடிகிறது. அதற்கு முதல் உங்கள் பதில் வந்தால் உதவியாக இருக்கும். அந்த அறை திறந்திருக்கும்வரை காப்பை மீட்டு எந்த வாளிக்குள் வைப்பது என்று மச்சாள் கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஓட்டோ ஓடிய ஒருவனின் அக்கா,
மட்டக்களப்பு.