என் ஸ்பிட்ஃபயரை மறுபடி நிமிர்ந்து நிற்க வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். என் 1968 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார், எம்ஓடி எனப்படும் பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையில் தேறிவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து பிரிட்டனில் அந்தச் சோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் கொண்டுபோய் நிறுத்தினேன். முன்னும் பின்னும் சஸ்பென்ஷனை முழுக்கக் கழற்றி மாட்டிய வண்டி. அதில் கையே வைக்காத ஒருவர் அடியில் நின்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் எந்தக் குறையும் எழுதவில்லை. அந்தத் தேர்ச்சியின் பெருமை எனக்கு மட்டும் சேர்வது நியாயமில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி எதிர்வீட்டுப் பெரியவருக்கு. இளம் வயதில் ட்ரையம்ப்பின் கேன்லி தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். இங்கே கோவென்ட்ரியில் அந்தத் தொழிற்சாலையில்தான் 1962 முதல் 1980 வரை ஸ்பிட்ஃபயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஐயா, நான் அன்றைக்குப் பின்பக்க வேலையைத்தான் தொடங்க இருந்தேன். நீங்கள் சாலையைக் கடந்து வந்தீர்கள், பானெட்டைத் திறக்கச் சொன்னீர்கள். ஸ்பிட்ஃபயரின் மூக்கு முழுவதும் முன்னோக்கி மடிந்து திறந்துகொள்ளும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்பக்கம் காத்திருக்கும், முதலில் ட்ரனியனைக் கழற்று என்றீர்கள். அந்த ஒரு வாக்கியம் என்னைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது மிகையில்லை.

இந்த வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். முன்சக்கரத்தைத் தாங்கி நிற்பது வெர்ட்டிக்கல் லிங்க் என்ற எஃகுத் தண்டு. அதன் மேல்முனையில் பால் ஜாயின்ட் என்ற பந்து மூட்டு. கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைதான் ட்ரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையே பித்தளைக்குள் சுழல்கிறது. ஸ்பிட்ஃபயர் சுமார் 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும் வண்டி. முன்சக்கரங்கள் அவ்வளவு தூரம் மடங்கும் என்பதால் அந்த மரைக்கும் வேலை அதிகம். இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை, மாற்றி மாட்ட முடியாது.

இதற்குள் போக வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் கூடாது. கிரீஸ் மேலே அடைத்துக்கொள்ளும், மரையின் அடிவரை இறங்காது. ஆனால் தண்ணீர் இறங்கிவிடும். எஃகு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, அரித்து, ஒருநாள் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது தண்டு மரை இருக்கும் இடத்தில் முறியும். சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிப் படுத்துவிடும். வண்டி நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திரும்பும்போது நடந்தால் அதிர்ஷ்டம். நெடுஞ்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுத எனக்கு மனமில்லை.

எனக்கு முன் இந்த வண்டியை வைத்திருந்தவர்களில் யாரோ ஒருவர் பல வருடம் கிரீஸ்தான் அடித்திருக்கிறார். இடப்பக்கத்தைத் திருகி எடுத்தபோது பித்தளைக் கட்டைக்குள் கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. மேலிரண்டு மூன்று மரைகள் பளபளவென்று இருந்தன. அதற்குக் கீழே காப்பித்தூள் நிறத்தில் துரு. நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார், பேசவில்லை. கந்தல் துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, இதைக் கிராக் சோதனைக்குக் கொண்டுபோ என்றார்.

அதைச் சோதித்துக் கொடுத்த மெஷின் ஷாப் பெண்மணிக்கு அடுத்த நன்றி. சனிக்கிழமை கடையடைக்கும் நேரம். வேறு யாராக இருந்தாலும் திங்கட்கிழமை வா என்றிருப்பார்கள். நீங்கள் தண்டைச் சுத்தமாகக் கழுவி, சிவப்புச் சாயத்தைப் பூசி, ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்துவிட்டு என்னையும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னீர்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அந்த வெள்ளையின் மேல் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது, தண்டின் சுற்றில் கால்வாசிக்கு. வலப்பக்கத்துத் தண்டில் கோடு எதுவும் வரவில்லை. இரண்டையும் மாற்றிவிடுங்கள், ஆனால் வலதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்றீர்கள். சோதனைக்குக் காசு வாங்க மறுத்தீர்கள். அந்தக் கோடு வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அதே வண்டியில்தான் என் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

அன்று இரவே பெருங்களத்தூருக்குப் போன் செய்தேன். பெரியப்பா, உங்களுக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் "போடா" என்பீர்கள், அதனால் எல்லோர் முன்னாலும் எழுதிவிடுகிறேன். ஸ்பிட்ஃபயருக்கு அடித்தளமே ட்ரையம்ப்பின் ஹெரால்ட் கார்தான். அந்த ஹெரால்டை 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. உங்கள் பட்டறையில் நீங்கள் வருடக்கணக்காகக் கழற்றி மாட்டியதும் இதே தண்டு, இதே பித்தளைக் கட்டை. நான் துருவைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள், "கிரீஸ் அடிச்சுட்டானுங்களா?" என்று கேட்டீர்கள். ஆயில் கன்னை வைத்து அழுத்தும்போது எண்ணெய் கசிந்து வெளியே வர வேண்டும், கசிந்தால்தான் உள்ளே முழுக்கப் போயிருக்கிறது என்று அர்த்தம், கசியவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும் என்றீர்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓட்டினால் உடனே ஒருமுறை என்று உங்கள் கணக்கையும் சொன்னீர்கள். இங்கே வருடம் முழுக்க மழைக்காலம்தான் பெரியப்பா, அதற்கேற்ப அடிக்கடி அடித்துக்கொள்கிறேன்.

புது ட்ரனியனைத் திருகும்போது முழுக்க இறுக்கிவிடாமல் கொஞ்சம் பின்வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் முழு ஒடிப்பு வரும்போது முட்டி நிற்கும் என்பதையும் நீங்கள்தான் வீடியோ அழைப்பில் பார்த்துப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். நடுராத்திரி தாண்டியும் போனை வைக்கவில்லை. பெரியம்மாவின் தூக்கத்தைக் கெடுத்ததற்கும் சேர்த்து நன்றி.

இந்த வடிவமைப்பே மோசம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். லோட்டஸ் எலான் காரின் முன்பக்கத்தில் இருப்பதும் ட்ரையம்ப்பின் இதே தண்டும் ட்ரனியனும்தான். கையாளுகையில் உலகமே மெச்சும் வண்டி அது. உரிய எண்ணெயைக் கொடுத்தால் போதும்.

உதிரிபாகக் கடைக் கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு ஒரு தனி நன்றி. சஸ்பென்ஷன் மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் வளையங்களான புஷ்கள், எல்லா இடத்துக்கும் விறைப்பான பாலியூரித்தேனில் வேண்டும் என்று பட்டியல் நீட்டினேன். நீங்கள் பாதியை அடித்துவிட்டீர்கள். பின்சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் தண்டுக்கு நல்ல ரப்பரே போதும், எல்லாமே விறைப்பாக இருந்தால் இந்தச் சின்ன சேஸிஸ் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் முதுகுக்கு அனுப்பும் என்றீர்கள். குறைவாக விற்கும் கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை. வேறோர் இடத்தில் மலிவாக வாங்கியிருந்த ரப்பர் புஷ் சிலவற்றை எடுத்துக் காட்டியபோது, விரலால் அழுத்திப் பார்த்து, ஓரம் வெடித்திருப்பதைக் காட்டிவிட்டு ஓரமாக வைத்தீர்கள். அப்புறம் சொன்ன விஷயம் எல்லாப் பழைய வண்டிக்கும் பொருந்தும்: ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையோடு உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிரந்தரமாக அந்த முறுக்கிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

இனி பின்பக்கம். நான் முதலில் தொடங்க நினைத்த வேலை இது. ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். அதாவது, பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் இருபுறமும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும் அரை அச்சுகள். டிஃபரன்ஷியலுக்கு மேல் குறுக்காக, பட்டைகளை அடுக்கிய ஒரு லீஃப் ஸ்பிரிங், இரு முனைகளிலும் சக்கரங்கள். வளைவில் வேகமாகப் போகையில் பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கி, பிடிமானம் போய், வால் சுற்றிக்கொள்ளும். இந்தியாவிலும் அந்த அமைப்பு பலருக்குப் பிடிக்கவில்லை. 1972-ல் வந்த ஸ்டாண்டர்ட் கெசல் காரில் அதை எடுத்துவிட்டு லைவ் ஆக்சில், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு, வைத்தார்கள். கேன்லிக்காரர்கள் 1970-ல் மார்க் 4-க்கு வேறு வழி கண்டார்கள். குறுக்கு ஸ்பிரிங்கில் ஒரே ஒரு பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்றப் பட்டைகள் நடுவில் அசையும்படி விட்டார்கள். இதுதான் ஸ்விங் ஸ்பிரிங். பாடி சாயும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து அசைந்து கொடுக்கும்; சக்கரத்தை மடங்க வைக்கும் விசை குறைந்துவிடும். எளிமையான, அற்புதமான வேலை. புது ஆக்சில் வேண்டாம், புது சேஸிஸ் வேண்டாம்.

அந்த ஸ்விங் ஸ்பிரிங்கை, உடைந்துபோன தன் மார்க் 4 வண்டியிலிருந்து கழற்றி எனக்குத் தூக்கிக் கொடுத்த லெஸ்டர் நண்பரே, உங்களுக்கு என்ன சொல்ல? விலை கேட்டால் தோசைக்கு வருகிறேன் என்றீர்கள். ஸ்பிரிங்கோடு நிற்காமல் மார்க் 4-இன் தடிமனான முன் ஆன்ட்டி-ரோல் பாரையும், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி அது, சேர்த்து வண்டியில் ஏற்றினீர்கள். பின்பக்கம் சாய்வைத் தாங்கும் வேலையைக் குறைத்துக்கொண்டால் அந்த வேலையை முன்பக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு மெல்லிய பாரோடு விட்டால் வண்டி படகாட்டம் ஆடும் என்று நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. பழைய ஸ்பிரிங்கை இறக்கிய நாளில் உங்களோடு வந்த தம்பிகள் இருவருக்கும் நன்றி. அந்த இரும்புக் கட்டின் எடையை நான் ஒருவனாகத் தூக்கியிருக்க முடியாது. முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கைக் கம்ப்ரெஸரில் அழுத்தும்போது எதிரே நிற்காதே, பக்கவாட்டில் நில் என்று தம்பிகளில் மூத்தவர் என் தோளைப் பிடித்து நகர்த்தியதை மறக்க மாட்டேன்.

சக்கர அலைன்மென்ட் வீட்டு வாசலிலேயே நடந்தது. வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரத்தை முன்னும் பின்னும் அளக்கும் முறை. அளவுகோலைப் பிடித்து மில்லிமீட்டர் சொன்னவள் என் மகள். கண்ணு, நீ இரண்டாவது தடவையும் அளக்க வேண்டும் என்று அடம்பிடித்ததால்தான் இடது பின்சக்கரம் வெளிப்பக்கம் பார்த்து நிற்பது தெரிந்தது. ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டில் ஷிம் என்ற மெல்லிய தகடுகளைச் சரிசெய்ததும் சரியாகிவிட்டது. என் மனைவி ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவையும் கையேட்டிலிருந்து படித்துச் சொல்லி, இறுக்கிய பிறகு மஞ்சள் பெயின்ட்டால் அடையாளமிட்டாள். எம்ஓடி சோதித்தவர் அந்த மஞ்சள் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, இது யார் செய்தது என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

இப்போது வண்டி எப்படி ஓடுகிறது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். கெனில்வர்த் போகும் சாலையில் ஈரத்தில் வளைவுக்குள் போய், வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்த்தேன். முன்பு அந்த இடத்தில் இடுப்புக்குக் கீழே ஏதோ நழுவுவது போலிருக்கும். இப்போது மூக்கு கொஞ்சம் உள்ளே திரும்புகிறது, அவ்வளவுதான். ஸ்டியரிங் லேசாகிவிட்டது. பள்ளத்தில் இறங்கினால் "டக்" என்ற சத்தம் இல்லை. பெரியவரை உட்காரவைத்து ஓட்டினேன். இறங்கும்போது ஒரு ஜாடை காட்டினார், எனக்கு அது போதும்.

சோதனையில் கோடு வராத அந்த வலப்பக்கத் தண்டு, பழைய மார்க் 3 ஸ்பிரிங், மெல்லிய ஆன்ட்டி-ரோல் பார் மூன்றும் என் கராஜில் இருக்கின்றன. அசல் நிலையில் வைத்திருக்க விரும்பும் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். ஈபி 90 நிரப்பிய ஆயில் கன் ஒன்றும் தயாராக இருக்கிறது. கோவென்ட்ரிப் பக்கம் ஹெரால்ட், விட்டெஸ், ஸ்பிட்ஃபயர், ஜிடி6 எது வைத்திருந்தாலும் சனிக்கிழமை காலையில் ஓட்டி வாருங்கள், இரண்டு ட்ரனியனுக்கும் அடித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
மார்க் 3 வைத்திருக்கும் உங்கள் கோவென்ட்ரி நண்பன்