ஆரணியின் ஐந்து பெட்டிகள்

அன்பு மகளுக்கு,

இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். உன் போன் பெரும்பாலும் ஆரணியின் கையில் இருப்பதால் தபாலில் போடுகிறேன். வந்து சேர்வதற்குள் அவளுடைய வீட்டுவேலை பழசாகிவிடும். பரவாயில்லை, இந்தப் பாடம் அவளுக்குக் கம்பஸ் போகும் வரைக்கும் திரும்பத் திரும்ப வரும்.

ஞாயிற்றுக்கிழமை கொப்பியைக் கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். எண்ணும் எண், முழு எண், நிறைவெண், விகிதமுறு எண், விகிதமுறா எண் என்று ஐந்து பெட்டி. ஒவ்வொன்றுக்கும் வீட்டிலிருந்து ஓர் உதாரணம் எழுதவேண்டுமாம். நல்ல ரீச்சர். இங்கே என்னிடம் வரும் பெடியன்கள் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கி அப்படியே ஒப்புவிப்பார்கள். வீட்டிலிருந்து ஒரு உதாரணம் சொல் என்றால் கூரையைப் பார்ப்பார்கள். ஆரணி ஐந்துக்கும் எழுதியிருக்கிறாள். நான்கு சரி, ஒன்று பிழை, படமும் பிழை. நீ அரை மணித்தியாலம் அவளோடு இருந்து திருத்திவிடு. இணைந்த கணிதத்தில் ஏ எடுத்து, 101 பஸ்ஸில் கட்டுபெத்தைக்குப் போய்வந்து எஞ்சினியரிங் முடித்தவள் நீ. ரொறன்ரோவில் ரியூஷனுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

கடைசிப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். முதலாவதைப் பிறகு பார்க்கலாம்.

விகிதமுறா எண்ணுக்கு, அதாவது பின்னமாக எழுத முடியாத எண்ணுக்கு, 22/7 என்று ஒரு பின்னத்தையே எழுதி, பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பீங்கானும் கீறியிருக்கிறாள். இந்தப் பிழைக்கு அவளைக் குறை சொல்லமாட்டேன். இங்கும் வினாத்தாளில் 'பை = 22/7 எனக் கொள்க' என்று போட்டுப் போட்டு, இரண்டும் ஒன்றே என்று பிள்ளைகளின் மண்டையில் பதிந்துவிட்டது. பை விகிதமுறு எண்ணா என்று கேட்டால் வகுப்பே கையை உயர்த்தி ஓம் என்கிறது. விட்டம் 7, 14, 21 என்று வந்தால் வெட்டிச் சுருக்க வசதி, அதற்காகத்தான் அந்தப் பின்னம். 22ஐ 7ஆல் வகுத்தால் 3.142857142857 என்று அதே ஆறு இலக்கம் சுற்றிச் சுற்றி வரும். பையோ 3.14159 என்று போகும், மூன்றாம் தசமதானத்திலேயே வழி பிரிந்துவிடும். எங்கும் நிற்காது, ஒரு துண்டு தன்னையே திரும்பச் சொல்லிக்கொண்டும் இராது. எந்தப் பின்னமாகவும் அதை எழுத முடியாது என்று 1761இல் லம்பேர்ட் என்ற கணிதவியலாளர் நிறுவினார். பீங்கான் சரி, அதன் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் பை. எண்ணை மட்டும் மாற்றச் சொல்.

இன்னுமோர் உதாரணம் வேண்டுமென்றால், இந்த உறைக்குள் ஒரு வெறும் ஏ4 தாள் வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்த் தாள் வேறு அளவு, அது இதற்குச் சரிவராது. நீளப்பக்கத்தை நடுவில் மடித்தால் அதே வடிவம் சிறியதாக வரும், திரும்ப மடித்தாலும் அதே வடிவம். அப்படி வரவேண்டுமென்றால் நீளம் அகலத்தின் 2இன் வர்க்கமூலம் மடங்காக இருக்கவேண்டும். அடிமட்டத்தால் அளக்கச் சொல்: 297 மில்லிமீற்றர், 210 மில்லிமீற்றர். வகுத்தால் 99/70, அது ஒரு சாதாரணப் பின்னம். காகிதம் வெட்டுபவனுக்கு அது போதும். ஆனால் 99/70ஐ வர்க்கித்தால் 9801/4900 வரும். மேலே 9800 இருந்தால்தான் 2, ஒன்று கூடிவிட்டது. எந்தப் பின்னத்தை எடுத்தாலும் இப்படிக் கொஞ்சம் கூடும் அல்லது கொஞ்சம் குறையும். அதன் நிறுவலை நீயே செய்துகாட்டு. மேலும் கீழும் இரண்டும் இரட்டை எண்ணாக வந்து முரண்படுமே, அது உனக்கு மறந்திருக்காது.

படத்துக்கு வருகிறேன். முதல் நான்கு பெட்டியும் குசினியில் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிவைத்த அலுமினியச் சட்டிகள்தான்: எண்ணும் எண் முழு எண்ணுக்குள், முழு எண் நிறைவெண்ணுக்குள், நிறைவெண் விகிதமுறு எண்ணுக்குள். அதே வேகத்தில் ஐந்தாவதையும் எல்லாவற்றுக்கும் வெளியே பெரிதாகக் கீறிவிட்டாள். அப்படிக் கீறினால் 3உம் ஒரு விகிதமுறா எண் ஆகிவிடும். ஐந்தாவது பெட்டி தனியாக, பக்கத்தில் நிற்கவேண்டும். அதையும் மற்ற நான்கையும் சேர்த்துச் சுற்றிக் கீறுவதுதான் மெய்யெண்.

விகிதமுறு எண்ணுக்குப் பால். நாலு லீற்றர் வாங்கினால் உள்ளே மூன்று பை, ஒரு பைக்கு 1.33 லீற்றர் என்று எழுதியிருக்கிறாள். சரி போட்டேன், 1.33 விகிதமுறு எண்தான், 133/100. ஆனால் மூன்று 1.33 சேர்ந்தால் 3.99. மிச்சம் பத்து மில்லிலீற்றர் எங்கே என்று கேட்டேன். சிரித்தாள். நாலை மூன்றாகப் பிரித்தால் 4/3, தசமத்தில் அது மீளும் தசமம், 3 முடியாமல் வந்துகொண்டே இருக்கும். எந்தப் பின்னம் முடியும், எது மீளும் என்பதை வகுத்துப் பார்க்காமலே சொல்லலாம்: சுருக்கிய பிறகு பகுதியெண்ணில் 2உம் 5உம் தவிர வேறு முதன்மைக் காரணி இருந்தால் மீளும். எங்கள் எண்சுவடிக்காரர் இந்தத் தொல்லையே இல்லாமல் வாழ்ந்திருக்கிறார்கள். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. எல்லாவற்றிலும் கீழே 2உம் 5உம்தான், முந்திரிகூட 0.003125 என்று நின்றுவிடும். அப்பப்பா இந்த வாய்பாட்டை எனக்குப் பிரம்போடு சொல்லித்தந்தார். நான் உனக்குச் சொல்லித்தரவில்லை. ஆரணிக்குச் சொன்னால் முந்திரி என்றவுடன் கஜு என்று நினைப்பாள்.

நாலு லீற்றரையும் பழுதாகாமல் குடித்து முடிக்கிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

நிறைவெண்ணுக்கு −12, அன்றைக்கு வெளியில் இருந்த குளிர். இதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமை. கொழும்பில் வெப்பமானியில் பூச்சியத்துக்குக் கீழே போகும் சய எண்ணைக் கண்ட பிள்ளை யார்? திசைகொண்ட எண் படிப்பிக்கக் கடனையும் கிணற்றையும் லிப்டில் கீழ்மாடியையும் இழுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. கடன்தான் பழைய உதாரணம், 628இல் கணிதவியலாளர் பிரம்மகுப்தரும் கையிருப்பு, கடன் என்றுதான் விதி சொல்லியிருக்கிறார். ஆரணி யன்னலைத் திறந்தால் போதும். −12 பெரிதா −5 பெரிதா என்று கேட்டேன், −5 என்று உடனே சொன்னாள், இங்கே ஒன்பதாம் வகுப்பிலும் அது தடுமாறும். நீ சப்பாத்தின் அடியைப் பார்த்துப் போடு. தேய்ந்திருந்தால் புதிதாக வாங்கு. பனி இறுகின படியில் சறுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும்.

முழு எண்ணுக்குப் பூச்சியம், வீட்டில் உள்ள நாய்களின் எண்ணிக்கை. உனக்கு எழுதிய விண்ணப்பம் என்று நினைக்கிறேன். பூச்சியம் எண்ணும் எண்ணுக்குள் வருமா என்று அவளுக்குச் சந்தேகம். அவளுடைய புத்தகத்தில் எண்ணுவது 1இல் தொடங்குகிறது, பூச்சியம் சேர்ந்தால் முழு எண். அதையே பிடித்துக்கொள்ளட்டும். பெரிய இடத்திலேயே இது தீராத வழக்கு. பியானோ என்ற இத்தாலியர் 1889இல் 1இலிருந்து தொடங்கினார், பிறகு பூச்சியத்துக்கு மாறினார். எங்கள் பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி; பூச்சியம் இல்லாமலே சமாளித்தார்கள்.

இனி முதலாவது பெட்டி. எண்ணும் எண்: 2. வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கை என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாள்.

சரி போட்டேன். விடையாக அதில் பிழை இல்லை, 2 எண்ணும் எண், ஒரே ஒரு இரட்டை முதன்மை எண் என்றும் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு பாலுக்குப் போய்விட்டேன். பிள்ளையிடம் கேட்கிற கேள்வி அல்ல அது.

அம்மா அந்த நேரம் குசினியில் நின்றாள், கேட்கவில்லை. மருமகன் ஏன் வீடியோவில் வருவதில்லை என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். பத்தரை மணித்தியால வித்தியாசம், அவருக்கு இரவு வேலை என்று நான்தான் சொல்லிவருகிறேன். வெள்ளிக்கிழமைகளில் மயூரபதி அம்மன் கோயிலில் மூன்று பேரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு, விபூதியைக் கடதாசியில் மடித்து மூன்று பொட்டலமாக வைத்திருக்கிறாள், யாராவது கனடாவுக்குப் போனால் கொடுத்துவிட. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கும் ஒன்றும் தெரியாதே.

நீ கம்பஸில் முதல் வருடம் ஒரு பாடத்தில் புள்ளி குறைந்ததற்கே காலி வீதியில் பஸ்ஸால் இறங்கி வீடு வரும்வரைக்கும் பொறுக்காமல், கடைக்காரனின் போனில் எனக்கு எடுத்து அழுதவள். இப்போது எதைக் கேட்டாலும் 'ஓம் அப்பா, எல்லாரும் சுகம்'. எல்லாரும் என்றால் எத்தனை பேர்? சரி, விடு. கோபத்தில் எழுதவில்லை. தனியாக நின்று பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, வேலைக்கும் போய், அவளை இப்படிக் கெட்டிக்காரியாக வளர்ப்பது லேசான காரியம் அல்ல. தனியாக என்று நானாகத்தான் எழுதுகிறேன், பிழையென்றால் வெட்டிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு. அவளுக்குக் கொடுத்து முடித்துச் சட்டியில் மிஞ்சினதைச் சாப்பிடுகிற பழக்கம் உன் அம்மாவிடமிருந்து வந்தது, அது வேண்டாம். சப்பாத்து வாங்கினாயா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்பேன்.

வெள்ளவத்தையில் புதினம் ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் படி ஏற மறுக்கிறது, லிப்ட் இருக்கிறபடியால் தப்பினோம்.

ஒரு விஷயம் யோசித்து வைத்திருக்கிறேன். சூப்பர் விசா என்று இருக்கிறதே, பெற்றோருக்கும் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும். ஒரு முறை வந்தால் ஐந்து வருடம் வரைக்கும் நிற்கலாம். நான் வந்தால் ஆரணிக்குக் கணக்கு, அம்மா வந்தால் சாப்பாடு. இங்கே என்னிடம் வருகிற பெடியன்களை வேறு மாஸ்டரிடம் சேர்த்துவிடலாம். ஆளுக்கு ஒரு இலட்சம் டொலருக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும், அதற்கு என் சேமிப்பில் இருக்கிறது, நீ அதைப் பற்றி வாயே திறக்காதே. உன் பக்கத்தில் வேண்டியது அழைப்புக் கடிதமும் வருமான அத்தாட்சியும். அந்தக் கடிதத்தில் உன் வீட்டில் இருப்பவர்களின் பெயரும் எண்ணிக்கையும் எழுதவேண்டும். எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வருமானம் காணுமா என்று முடிவு செய்கிறார்கள், வரப்போகிற எங்கள் இரண்டு பேரையும் அதில் கூட்டவேண்டும். ஆகவே அங்கே உள்ளது எதுவோ அந்த எண்ணைப் போடு. அரசாங்கத்துக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று வேண்டாம். அந்தக் கடிதத்தின் பிரதி எனக்கும் வரும், வாசிப்பேன், அதைப் பற்றி நீயாகப் பேசும்வரை கேட்கமாட்டேன். அம்மாவுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதை என்னிடம் விடு.

வருமானம் காணாவிட்டால் கவலைப்படாதே, சாதாரண விசிற்றர் விசா இருக்கிறது, வழமையாக ஆறு மாதம் தருகிறார்கள். கடிதத்தை எழுதும்போது அம்மாவின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுது. உன் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து வித்தியாசம் இருக்கிறது, அதற்கு இங்கே ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா