காக்கர் சிட்டியிலிருந்து அப்பாவுக்கு

காக்கர் சிட்டி, கேன்சஸ், அமெரிக்கா
ஜூலை 12

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட்டுக்கொள்கிறார்களா என்று மறக்காமல் எழுதுங்கள்.

நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "ஆள் நடமாட்டமே இல்லாத ஊரில் யாருக்கம்மா வைத்தியம் பார்க்கிறாய்?" என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அவசரத்தில் ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் அன்று, ஆகையால் எழுதுகிறேன்.

2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவ்வூரின் மக்கள்தொகை 457. நம் தெருவையும் மேலத்தெருவையும் சேர்த்தால் அதற்கு மேல் வரும். ஆயினும் இது நகராட்சி, மேயர், தபால் நிலையம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள ஊர்தான். 1870 வாக்கில் ஊரை நிறுவிய நால்வர், யார் பெயரை வைப்பது என்று சீட்டாடித் தீர்மானித்தார்கள் என்றும், வென்றவர் காக்கர் என்றும் சொல்கிறார்கள்.

இந்த ஊர் இருக்கும் மிட்செல் மாவட்டத்தில் 1880-களில் ஏறத்தாழ 15,000 பேர் இருந்தார்கள். இன்று 6,000 கூட இல்லை. பஞ்சமோ நோயோ துரத்தியதன்று. 1862-இல் வந்த சட்டத்தின்படி, ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுபவருக்கு 160 ஏக்கர் ஏறக்குறைய இலவசமாகவே கிடைத்ததால் அன்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். பிறகு இயந்திரம் பெருகப் பெருக ஒருவரால் பார்க்கக்கூடிய நிலமும் பெருகியது. முடியாதவர்கள் பக்கத்து நிலத்துக்காரருக்கு விற்றுவிட்டு நகரத்துக்குப் போனார்கள். இப்போது ஆயிரக்கணக்கான ஏக்கரை அப்பாவும் மகனுமாகவே பயிரிடும் குடும்பங்கள் உண்டு. நம் மூன்று ஏக்கருக்கு நடவின்போது எத்தனை பேர் இறங்குவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் குடியேற்றத்துக்கு முன் இது பாவ்னி முதலிய பழங்குடியினர் வந்துபோன பூமி; அவர்கள் புனிதமாகக் கருதிய வகொண்டா ஊற்று, 1960-களில் கட்டப்பட்ட அணையின் ஏரிக்குள் மூழ்கிவிட்டது. ஏரிக்கும், சுற்றுவட்டாரப் பள்ளிகளைச் சேர்த்து நிர்வகிக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் மட்டும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே பெரும்பாலும் மானாவாரிதான். கோதுமையைச் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ விதைக்கிறார்கள். நாற்றுப் பருவத்திலேயே பனி மூடிவிடுகிறது. பயிர் செத்துப்போகாதா என்று கேட்டீர்கள் அல்லவா? சாவதில்லை, சொல்லப்போனால், அந்தக் குளிர் படாவிட்டால் இந்த ரகம் கதிரே விடாதாம். ஜூன் பிற்பகுதியில் அறுவடை. டெக்சாஸில் தொடங்கி, கதிர் முற்ற முற்ற வடக்கு நோக்கி வந்துகொண்டே இருக்கும் கூலி அறுவடைக் குழுக்கள் தங்கள் இயந்திரங்களோடு வந்து இறங்குகின்றன.

கூட்டுறவுத் தானியக் கிடங்கில் கோதுமை எடுப்பதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். சாக்கு இல்லை, மூட்டை இல்லை, சுமைதூக்குபவர் இல்லை. லாரி எடைமேடையில் ஏறியதும், மேலிருந்து ஒரு நீளக் குழாய் இறங்கித் தானியத்துக்குள் நுழைந்து மாதிரியை உறிஞ்சிக்கொள்கிறது. சன்னலுக்கு உள்ளே இருக்கும் பெண் ஈரப்பதத்தையும் எடையையும் பார்த்துச் சீட்டு எழுதுகிறார். ஈரம் 13.5 விழுக்காட்டுக்கு மேல் போனால் விலையில் பிடித்துக்கொள்வார்கள். கொள்முதல் நிலையத்தில் நீங்கள் 17 விழுக்காட்டுக்காக வாதாடி நிற்பீர்களே, அந்த வாதம் எதுவும் இங்கே காதில் விழவில்லை. விவசாயி சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்படுகிறார். ஆனால் விலையைப் பற்றிய புலம்பல் மட்டும் அச்சு அசல் நம் ஊர்ப் புலம்பல்தான்.

ஆள் குறைந்த ஊரில் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று பேராக இருக்க வேண்டியிருக்கிறது. தீயணைப்புக்கு வருபவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். அழைப்பு வந்தால் கடையையோ டிராக்டரையோ போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுகிறார்கள். பக்கத்து ஊர்களான டவுன்ஸ், க்ளென் எல்டர் பிள்ளைகளும் இவ்வூர்ப் பிள்ளைகளும் ஒரே பள்ளி மாவட்டத்தில் படிக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்துக்குப் பக்கத்துக்குப் பதினொருவர் வேண்டும். இந்தப் பகுதியின் சிறிய பள்ளிகளில் அத்தனை பையன்கள் தேறாததால் எட்டுப் பேரை வைத்தே ஆடுகிறார்கள், அதற்கென்று தனி விதிகளும் இருக்கின்றன. ஆட்டத்தைக் கைவிடாமல் விதியை மாற்றிக்கொண்டார்கள் பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இவ்வூருக்கு வெளியாட்கள் வருவது ஒரு கயிற்று உருண்டையைப் பார்ப்பதற்காக. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃபிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி 1953-இல், வைக்கோல் கட்டுகளிலிருந்து அவிழ்த்த கற்றாழை நார்க்கயிற்றுத் துண்டுகளை வீணாக்க மனமின்றிச் சுற்றத் தொடங்கி, 1961-இல் அந்த உருண்டையை ஊருக்குக் கொடுத்துவிட்டார். அவர் 1974-இல் காலமான பிறகும் ஊரார் நிறுத்தவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டில் கூடிச் சுற்றுகிறார்கள், வழிப்போக்கர்களும் சுற்றலாம். இன்று 9 டன்னுக்கு மேல் எடை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கூரைக்கடியில் இருக்கிறது. அருகே போனால் பழைய வைக்கோற்போர் வாசம் அடிக்கிறது. மின்னசோட்டாவில் தனியொரு மனிதர் சுற்றிய உருண்டை ஒன்று இருக்கிறது, அதற்கும் இதற்கும் எது பெரிது என்ற வழக்கு ஓயவில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் இரண்டு முழம் சுற்றிய பிறகு, மின்னசோட்டாக்காரர்கள் மேல் எனக்கே கொஞ்சம் எரிச்சல் வருகிறது.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். வெளிநாட்டில் பிறந்து இங்கே பயிற்சி முடித்த மருத்துவர்கள், பயிற்சிக்கு வந்த விசா விதிப்படி நாடு திரும்பாமல் இருக்க வேண்டுமானால், மருத்துவர் கிடைக்காத இடமொன்றில் மூன்று ஆண்டு பணிபுரிவது ஒரு வழி. அந்த வழியில்தான் நான் வந்தேன். நோயாளிகளில் பெரும்பாலோர் முதியவர்கள். நெஞ்சுவலியோடு அறுவடையை முடித்துவிட்டு வருபவர்களிடம் கோபப்படுவதே என் ஜூன் மாத வேலை. எதிரே வரும் வண்டிக்காரர் யாராயினும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் சொல்கிறார்கள். நான் எந்தக் கிழமை துணி துவைக்கிறேன் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் பழகவில்லை. கறிவேப்பிலைக்கும் துவரம்பருப்புக்கும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி விச்சிட்டா போகிறேன்.

நீங்களும் அம்மாவும் வருவதானால் செப்டம்பர் கடைசியில் வாருங்கள். கோதுமை விதைப்பையும் சோள அறுவடையையும் ஒருசேரப் பார்க்கலாம். ஆம், மக்காச்சோளம் மட்டுமன்று, நீங்கள் சிறுவயதில் சோறாகச் சாப்பிட்ட அதே சோளம் இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் விளைகிறது. அமெரிக்காவில் அதை அதிகம் விளைவிக்கும் மாநிலமே கேன்சஸ்தான். மாட்டுத் தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போகிறது. உங்களுக்கு ஒரு மூட்டை கேட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் மட்டும் ஆசைப்பட்டு விதை எதையும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள்.

தங்கள் அன்பு மகள்