கோபமே வராத பிள்ளைக்கு

அன்புள்ள கதிர்,

கம்பெனி செக்கப்பில் பி.பி. 148/94 என்று வந்ததாம். "நான் கோபமே படமாட்டேனே, எனக்கு எப்படி?" என்று கேட்டாயாம். மலர் சொன்னாள். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கோபக்காரனுக்குத்தான் மாரடைப்பு வரும் என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஃப்ரீட்மன், ரோசன்மன் என்று இரண்டு இதய மருத்துவர்கள். எப்போதும் அவசரம், போட்டி, சட்டென்று எரிச்சல் என்று இருப்பவர்களை 'டைப் ஏ' என்றார்கள். 1960இல் தொடங்கி 3,154 ஆண்களை எட்டரை வருடம் கவனித்ததில், டைப் ஏ ஆட்களுக்கு இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதை ஒத்துக்கொள்ளவில்லை. பிரித்துப் பார்த்தபோது, ஓடியாடி வேலை செய்வது அவ்வளவு கெடுதல் இல்லை, மற்றவர்மேல் தீராமல் வைத்திருக்கும் பகைதான் கெடுதல் என்று பட்டது.

நீ அந்த ரகம் இல்லை. பெல்ஜியத்து உளவியலாளர் டெனோலெட் 1990களில் 'டைப் டி' என்று ஒன்று சொன்னார். மனசுக்குள் ஓயாத கவலை. அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று அதை வெளியே காட்டாமல் அடக்கிக்கொள்வது. இரண்டும் சேர்ந்த இதய நோயாளிகள் அதிகம் இறந்ததாக அவருடைய ஆய்வுகள் காட்டின. பிற்பாடு நடந்த பெரிய ஆய்வுகள் சிலவற்றில் அப்படித் தெரியவில்லை. எனவே இதை ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ளாதே. ஆனால் படித்தபோது உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இதய வார்டில் நான் டியூட்டி பார்த்தபோது ஒருவர் இருந்தார். அதிர்ந்து பேசமாட்டார். விசிட்டிங் நேரத்தில் தம்பி வந்து பத்திரப்பதிவுப் பேச்சை எடுத்தார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், முகத்தில் சுருக்கம்கூட இல்லை. மானிட்டரில் நாடித்துடிப்பு 78இலிருந்து 110ஐத் தாண்டியது. "என்ன செய்யுதுங்க ஐயா?" என்றேன். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்று சிரித்தார். தம்பி போய் வெகுநேரம் ஆகியும் அது இறங்கவில்லை.

முகம் அமைதியாக இருப்பதால் அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் சுரக்காமல் இருக்காது, கதிர். இதயம் வேகமாக அடிக்கும், ரத்தக்குழாய் சுருங்கும், பி.பி. ஏறும். ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு நெஞ்சுவலியே தெரியாமல் இதயத்துக்கு ரத்தம் குறைவதும் உண்டு. மனக்கணக்குப் போடச் சொல்லியும், ஆட்கள் முன்னால் பேசச் சொல்லியும் பரிசோதித்திருக்கிறார்கள். ஒரே கணக்குக்கு ஒருவருக்குக் கொஞ்சம் ஏறும், இன்னொருவருக்கு எகிறும். எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எப்போது இறங்குகிறது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். நடந்ததையே நினைத்து மருகுகிறவர்களுக்கு அது மெதுவாகத்தான் இறங்கும். மேனேஜர் காலையில் சொன்ன ஒரு வார்த்தையை ராத்திரி வரை சுமக்கிறவன் நீ.

பிறவிக் குணம், மாறாது என்று சொல்லாதே. ஃப்ரீட்மனுக்கே 55 வயதில் மாரடைப்பு வந்தது. தன்னை மாற்றிக்கொண்டு 90 வரை இருந்தார். மாரடைப்பு வந்தவர்களுக்கு, பொறுமை பழகுவதற்காக, கடையில் நீளமான வரிசையாகப் பார்த்துப் போய் நில் என்று வீட்டுப்பாடம் கொடுத்தார். நாலரை வருடத்தில் அவர் குழுவில் 12.9 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி இதயப் பிரச்சினை வந்தது, வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 21.2.

உனக்கு வேறு வீட்டுப்பாடம். தினமும் ஒரு விஷயம், அன்றைக்கு மனசை அறுத்தது எதுவோ, அதை மலரிடம் வாய்விட்டுச் சொல். "ஒண்ணுமில்ல" மட்டும் வேண்டாம்.

ஒரு வாரம் காலையும் மாலையும் பி.பி. பார். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, பேசாமல் பார்க்கணும். எழுதி டாக்டரிடம் காட்டு. மாத்திரை வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும், குணத்தின்மேல் பழிபோட்டு அதைத் தள்ளிப்போடாதே. உன் தாத்தாவுக்கும் பி.பி. இருந்தது என்பதையும் சொல். ஊறுகாயைக் குறை, இந்த முறை அப்பாவிடம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பமாட்டேன்.

அன்புடன்,
அம்மா