டயர் மண்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் மெயில்.

நீ அனுப்பிய வீடியோவை அப்பா பத்துத் தடவை பார்த்துவிட்டார். கீழே காப்பிக்கடையில் அவர் கூட்டாளிகளுக்கெல்லாம் காட்டியாயிற்று. பெர்த்துக்குத் தெற்கே ஜாரா மரக்காடு, மழை விட்ட மண்பாதை, வண்டிக் கூரைவரை சேறு. நீ அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. ஆனால் நடுவில் ஓர் இடம் வருகிறதே, பாதையில் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம், அதை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முன்னால் போன வண்டி தண்ணீரில் இறங்காமல் இடப்பக்கப் புதரை மிதித்துச் சுற்றிப் போகிறது. நீயும் அதன் பின்னாலேயே போகிறாய். அங்கே ஏற்கெனவே வேறு யாரோ போன தடமும் தெரிகிறது. அடுத்த மழைக்கு அதிலும் தண்ணீர் நிற்கும், அடுத்து வருகிறவர் அதையும் சுற்றுவார். ஒரு வண்டி போகிற பாதை நாலு வண்டி அகலமாவது இப்படித்தான்.

தீபாவளிக்கு வந்தபோது உன் பூட்ஸை நான்தானே கழுவினேன்? அடியில் இறுகிக் கிடந்த செம்மண்ணைப் பழைய டூத்பிரஷ்ஷால் நோண்டி எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. "மண் ஒட்டின ஷூ இருக்கான்னு ஏர்போர்ட்ல கேட்பாங்கம்மா" என்றாய். சரி, நாட்டுக்குள் நுழைய அவ்வளவு கெடுபிடி. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு அதே மண் உன் டயரில் போகிறதே, அது?

டைபேக் நோயைப் பற்றி நீதான் அங்கே போன புதிதில் எனக்குச் சொன்னாய். பூஞ்சை மாதிரி ஒன்று, ஈரமண்ணோடு ஒட்டிக்கொண்டு போய் வேரை அழுகவைக்கும், மரம் தண்ணீர் உறிஞ்ச முடியாமல் நின்றபடியே காய்ந்து போகும் என்று. தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் சொந்தச் செடிகொடிகளில் 40 சதவீதத்துக்கு மேல் அதற்குத் தாக்குப்பிடிக்காதாம். நீ படமெடுத்து அனுப்புகிற அந்த பாங்க்சியா பூவும் அதில் சேர்த்தி. பாஸ்பைட் மருந்து கொடுத்தால் கொஞ்சம் தள்ளிப்போகும், மண்ணைவிட்டு விரட்ட வழியில்லை. இவ்வளவும் தெரிந்த பிள்ளை மழை நாளில் அங்கே ஏன் போனாய்?

போகவே போகாதே என்று சொல்லவில்லை. காய்ந்த நாளாகப் பார்த்துப் போ. தண்ணீர் நின்றால் இறங்கி ஆழம் பார், முடியாதென்றால் வந்த வழியே திரும்பு. கூட வந்தவர்கள் கேலி செய்தால் செய்யட்டும். டயர் மண்ணை வீட்டுக்கு வந்து கழுவாதே, காட்டைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே தட்டிவிடு. மணலில் டயர் காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார், சக்கரம் சுழன்று மணலைத் தோண்டாதாம். அவர் ஓட்டியது டாக்சி, அதுவும் இங்கே சிங்கப்பூரில், சிலேத்தார் பக்கம். யாரிடம் கேட்டாரோ!

உனக்குப் புத்தி சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. 2001இல் உபின் தீவின் ஓரத்தில், தண்ணீர் வற்றும்போது தெரியும் செக் ஜாவா கடல்தரையை மண் கொட்டி மூடப்போகிறார்கள் என்று சேதி வந்தபோது, அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று சிங்கப்பூரே பம்போட் படகு ஏறி உபினுக்குப் போனது. நாமும் போனோம். உனக்கு ஆறு வயது. அந்தக் கூட்டம் போய்ப் பார்த்துப் பேசியதால்தான் டிசம்பரில் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். மேலே நடக்கப் பலகைப் பாதை வந்தது 2007இல்தான். அன்றைக்கு நாம் எல்லாரும் நேராகக் கடல்தரையில் இறங்கித்தான் நடந்தோம்.

அலமாரியில் இருக்கும் அந்தப் படத்தை நேற்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். உன் உள்ளங்கையில் நட்சத்திர மீன், பக்கத்தில் அப்பா. இரண்டு பேர் காலடியிலும் கடல்புல் நசுங்கிக் கிடக்கிறது. "இன்னும் கொஞ்சம் பின்னால் போங்க" என்று சொல்லிச் சொல்லி எடுத்தவள் நான்.

பார்சலில் பழைய டூத்பிரஷ் இரண்டு வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா