காற்று மாசைக் கண்டறியப் பாசியையும் பயன்படுத்த வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு நகரங்களில் காற்றின் தரத்தை அளக்கும் நிலையங்கள் போதிய அளவில் இல்லை என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அக்குறை நீங்கும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்பதையும், மழைக்காலத்தில் மதிலிலும் மரப்பட்டையிலும் படரும் பாசியே இதற்குக் கைகொடுக்கும் என்பதையும், தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

நான் குறிப்பிடுவது குளத்து நீரில் மிதக்கும் பாசி அன்று; பாடநூல்களில் ‘மாஸ்’ எனப்படும், சிறு தண்டும் இலையும் கொண்ட செடி. இதற்கு உண்மையான வேர் கிடையாது. பெரும்பாலான இனங்களில் இலையின் கனம் ஒரே ஓர் உயிரணு அளவுதான். வெயிலில் சுருண்டு கருத்துப்போன மாஸ் கொத்தின்மேல் ஒரு சொட்டு நீரை விட்டு, கைலென்ஸ் வழியாகப் பார்க்கச் சொல்வேன். சில நிமிடங்களிலேயே இலைகள் விரிந்து பச்சை திரும்புவதைக் கண்டு மாணவர்கள் வியப்பார்கள். நீரை அவ்வளவு விரைவாக ஈர்க்கும் அதே இலைதான், மழையோடும் தூசியோடும் வந்து விழும் காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு கொத்தை ஆய்வகத்தில் சோதித்தால், அவ்விடத்தில் பல மாதங்களாகக் காற்றிலிருந்து வந்து படிந்தவை எவை என்று தெரிந்துவிடும். சுவீடனில் 1960களின் இறுதியில் ரூலிங், டைலர் என்னும் ஆய்வாளர்கள் தொடங்கிய இம்முறையைக் கொண்டு, 1990 முதல் ஐரோப்பிய நாடுகள் பல ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுத்து வருகின்றன.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 2013-ஆம் ஆண்டு வனத்துறை ஆய்வாளர்கள் தெருவோர மரங்களிலிருந்து 346 மாஸ் மாதிரிகளை எடுத்தனர். வண்ணக் கண்ணாடி செய்யும் ஆலைகளின் அருகே காட்மியம் குவிந்திருப்பதை அவை காட்டின. அதன்பின் 2015 அக்டோபரில் ஓர் ஆலையின் அருகே கருவி வைத்து அளந்தபோது, மாநிலம் வகுத்த அளவைவிடக் காட்மியம் 49 மடங்கும் ஆர்செனிக் 159 மடங்கும் இருந்தன. எங்கே கருவி வைக்க வேண்டும் என்று காட்டியது மரத்துப் பாசி.

நம் கொடைக்கானலுக்கும் இதில் பங்குண்டு. 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையைச் சுற்றிய பாதரச மாசை அறிய, பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஐதராபாத் ஆய்வகத்தார் அங்குள்ள மாஸையும், பூஞ்சையும் நுண்பாசியும் இணைந்து வளரும் லைக்கனையும் சோதித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆலையருகே எடுத்தவற்றில் பாதரசம், தொலைவில் எடுத்தவற்றைவிட மிக அதிகமாக இருந்தது. ஆலை இயங்கிய காலத்திலேயே யாராவது ஒரு கைப்பிடி மாஸைச் சோதித்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

சமவெளியில் கோடை வந்தால் மாஸ் காய்ந்துவிடுமே என்று கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. தூய்மையான இடத்தில் எடுத்துக் கழுவி உலர்த்திய மாஸை நைலான் வலைப்பையில் இட்டு, வேண்டிய இடத்தில் சில வாரங்கள் தொங்கவிடுகிறார்கள். இத்தாலியில் வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று எனப் பைகளைத் தொங்கவிட்டு இரண்டையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். விறகடுப்பும் கொசுவர்த்தியும் ஊதுவத்தியும் புகையும் நம் வீடுகளில் இந்த ஒப்பீடு இன்னும் அவசியம். வெளிக்காற்றைப் பற்றியே பேசி, குழந்தைகள் உறங்கும் அறையை மறந்துவிடுகிறோம்.

ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கை மாஸ் தராது. சட்டப்படி நடவடிக்கை எடுக்கக் கருவியின் அளவே தேவை. எனினும் ஒரு கருவியின் விலையில் நூற்றுக்கணக்கான இடங்களைப் பார்த்துவிடலாம். எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கல்லூரித் தாவரவியல் துறைகளின் துணையோடு மணலி, ராணிப்பேட்டை, மேட்டூர், தூத்துக்குடி ஆகிய இடங்களில், பருவமழை முடிந்து மாஸ் செழித்திருக்கும் மார்கழி மாதத்திலேயே மாதிரிகளைச் சேகரிக்கத் தொடங்கி, கிடைக்கும் முடிவுகளை வரைபடத்துடன் தமிழில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.